பிழைத்த கன்றுக்குத்தான் காசு

1970களின் கடைசியில் கென்யாவில் ஒரு வழக்கம் பிறந்தது. அது அரசாணையாக வந்ததல்ல, எந்த மாநாட்டுத் தீர்மானத்திலும் இருந்ததல்ல. கிராமத்துப் பெண்கள் விதையூன்றி மரக்கன்று வளர்ப்பார்கள். வளர்த்த கன்றுக்குக் காசு உண்டு, ஆனால் கன்றைக் கைமாற்றிய அன்று கிடைக்காது. நட்ட இடத்தில் அது சில மாதம் தாக்குப்பிடித்து நின்றால்தான் அமெரிக்கக் கணக்கில் நான்கு சென்ட். பட்டுப்போனால் ஒன்றுமில்லை.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த கிரீன் பெல்ட் இயக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை நிறுவிய வங்காரி மாத்தாயின் நோபல் பரிசில் தொடங்கி, கோடிக்கணக்கான மரங்களில் முடிப்பார்கள். எனக்கு அந்த நான்கு சென்ட்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. வறட்சியையும் மண் சீரழிவையும் எதிர்க்கும் வேலையில் பெண்களுக்கு என்ன பங்கு, அந்தப் பங்கை எப்படி அளப்பது என்று உலக அமைப்புகள் இன்றுவரை திணறிக்கொண்டிருக்கும் கேள்விக்கு, பலர் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை வைத்துக்கொண்டு இந்த இயக்கம் ஒரு விடை கண்டது. அது எப்படி வந்தது என்பதே இந்தக் கதை.

தொடக்கம் ஒரு மாட்டு உண்ணியில் இருக்கிறது. மாத்தாய் கால்நடை உடற்கூறியல் படித்தவர். 1971இல் நைரோபியில் முனைவர் பட்டம் பெற்றபோது கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கலப்பின மாடுகளைக் கொன்றுகொண்டிருந்த ‘கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல்’ என்ற நோயையும், அதைப் பரப்பும் உண்ணியையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். உண்ணி பொறுக்க நைரோபியைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குப் போவார். போன இடத்தில் கண்ணில் பட்டது வேறு. மழை பெய்தால் ஆறு செம்மண் குழம்பாக ஓடியது. மாடுகளுக்கு எலும்பு துருத்தியது. மேய்ச்சலில் புல் இல்லை. மாட்டை உண்ணி கொல்வதற்கு முன்பே மண் கொன்றுவிடும் என்பது அவருக்கு அங்கே உறைத்தது. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் தன் ஆய்வுப் பொருளைவிட்டு நிமிர்ந்து சுற்றிலும் பார்ப்பது அடிக்கடி நடப்பதில்லை.

அதே சமயத்தில் அவர் கென்ய தேசியப் பெண்கள் மன்றத்திலும் இருந்தார். அங்கே நடந்த ஒரு கருத்தரங்கில் பெண் ஆய்வாளர் ஒருவர், மத்திய மாகாணத்துக் குழந்தைகளிடம் சத்துக் குறைவு நோய்கள் பரவியிருப்பதாகச் சொன்னார். மாத்தாய்க்கு நம்ப முடியவில்லை. மத்திய மாகாணம் அவர் பிறந்த மண். 1940இல் நியேரி அருகே இஹிதே கிராமத்தில் பிறந்தவர். நாட்டிலேயே செழிப்பான நிலம் என்று பெயர் எடுத்த பகுதி. அங்கே எப்படிப் பசி?

விசாரித்தால் கதை நீண்டது. காப்பியும் தேயிலையும் வந்திருந்தன. வீட்டுக்கு உணவு விளைந்த இடம் சந்தைக்கு விளையும் இடமாக மாறியிருந்தது. காடும் புதரும் போனதோடு விறகும் போனது. விறகு இல்லாத அடுப்பில் பயறு வேகாது, கிழங்கு வேகாது. சீக்கிரம் முடிகிற வெள்ளை ரொட்டி, சோள மாவு, தீட்டிய அரிசி என்று சாப்பாடு சுருங்கியது. குழந்தையின் சத்துக் குறைவைத் துரத்திக்கொண்டு போனால் பாதை மலைச்சரிவில் வெட்டுப்பட்ட மரத்தில் போய் முடிந்தது.

இதற்குப் பின்னால் ஒரு நில வரலாறும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் பின்னால் வருவது புரியாது. பிரிட்டிஷ் ஆட்சியில், 1940களின் பிற்பாதியில், மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று முராங்கா மாவட்டத்தில் சரிவுகளில் படிவரப்பு போடும் வேலையைக் கட்டாயமாக்கினார்கள். வேலையின் பெரும் சுமை பெண்கள் தலையில் விழுந்தது, கூலி கிடையாது. 1948இல் பெண்கள் முடியாது என்று திரண்டார்கள், கைதும் நடந்தது. சில ஆண்டுகள் கழித்து, 1954இல், ஸ்வின்னர்டன் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றாக்கிப் பட்டா கொடுக்கும் திட்டம். ஆப்பிரிக்க விவசாயிகளும் காப்பி பயிரிடலாம் என்ற வாசலை அதுதான் அகலத் திறந்தது. பட்டாவில் ஏறிய பெயர் பெரும்பாலும் குடும்பத்தலைவனுடையது. காலங்காலமாக அந்த மண்ணைக் கொத்தியவள் காகிதத்தில் இல்லை. ஆக, மண்ணைக் காக்கும் வேலை கூலியில்லாமல் அவளுக்கு, மண் அவனுக்கு என்று இரண்டு அடியில் முடிந்தது கணக்கு.

1975இல் மெக்ஸிகோ நகரில் ஐ.நா.வின் முதல் உலகப் பெண்கள் மாநாடு. அதற்காகப் பெண்கள் மன்றம் கிராமத்துப் பெண்களிடம் என்ன குறை என்று கேட்டது. விறகு, குடிதண்ணீர், சத்தான சாப்பாடு, கையில் நாலு காசு. இவ்வளவுதான் பட்டியல். நான்கும் ஒரே இடத்திலிருந்து, மண்ணிலிருந்து, வருகின்றன என்று மாத்தாய்க்குத் தோன்றியது. மரம் நட்டால் என்ன என்ற யோசனை அப்போது பிறந்தது.

யோசனை பிறந்ததும் வெற்றி வரவில்லை. அவர் முதலில் செய்தது ஒரு கம்பெனி. கணவர் நாடாளுமன்றத் தேர்தலில் லாங்காட்டா தொகுதியில் நின்றபோது வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வென்றபின் வாக்கு மறந்துபோனது. மாத்தாய் மறக்கவில்லை. ‘என்விரோகேர்’ என்று ஒரு நிறுவனம் தொடங்கி, ஏழைகளை வேலைக்கு வைத்துப் பணக்காரர் தோட்டங்களைப் பராமரிக்கவும் மரம் நடவும் திட்டமிட்டார். கரூரா காட்டில் நாற்றங்கால் போட்டார். பணக்காரர்கள் முன்பணம் தர மாட்டார்கள்; ஏழைகள் கடனுக்கு வேலை செய்ய முடியாது. நகரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. கண்காட்சியில் கன்றுகளை வைத்துப் பார்த்தார். பாராட்டியவர்கள் உண்டு, வாங்கியவர்கள் இல்லை. பெரும்பாலான கன்றுகள் பட்டுப்போயின. மரம் நடும் திட்டங்கள் மரத்தால் தோற்பதில்லை, தண்ணீராலும் பணத்தாலும் தோற்கின்றன என்பது அவர் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

1977இல் பெண்கள் மன்றமே வேலையை எடுத்துக்கொண்டது. ‘நிலத்தைக் காக்கும் ஹராம்பே’ என்று பெயர். ஊர்கூடித் தேர் இழுப்பது போன்ற வேலைகளுக்கு அங்கே ஹராம்பே என்பார்கள். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். நைரோபி கென்யாட்டா மாநாட்டு மையத்திலிருந்து நகரின் ஓரத்திலிருந்த கமுகுஞ்சி பூங்காவுக்கு ஊர்வலமாகப் போய் ஏழு மரங்கள் நட்டார்கள். வெவ்வேறு இனக்குழுக்களிலிருந்து வந்த ஏழு தலைவர்களின் நினைவாக ஒவ்வொன்று. பேச்சு, கைதட்டல், புகைப்படம் எல்லாம் இருந்தது. ஏழில் தங்கியவை இரண்டு.

மரம் நடு விழாக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த விகிதம் ஒன்றும் அதிர்ச்சி தராது. விழா எடுப்பவர்கள் நட்டதை எண்ணுவார்கள், நின்றதை யாரும் எண்ணுவதில்லை. ஊருக்குப் பொது என்று நட்ட மற்ற இடங்களிலும் இதேதான் நடந்தது. தனக்கென்று இல்லாத கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் நேரமில்லை.

அந்த ஆண்டே இன்னொரு கூட்டமும் நைரோபிக்கு வந்தது. 1968இல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் சஹாராவுக்குத் தெற்கே சாஹெல் நாடுகளை உலுக்கிய வறட்சிக்குப்பின், பாலைவனமாதல் குறித்து ஐ.நா. தன் முதல் பெரிய மாநாட்டை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் அங்கே நடத்தியது. வந்த பிரதிநிதிகளை நைவாஷா அருகே பெண்கள் கூட்டுறவு ஒன்றின் பண்ணைக்குக் கூட்டிப்போய், பெண்களோடு சேர்ந்து மரம் நட வைத்தார்கள். பின்னர் கிரீன் பெல்ட் இயக்கம் என்று பெயர் பெற்ற இந்த முயற்சியின் இரண்டாவது பசுமைப் பட்டை (கிரீன் பெல்ட்) அது. பாலைவனமாதலுக்கு எதிரான உலகத் திட்டமும், பெண்கள் வளர்த்த அந்த வழக்கமும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் தொட்டில் கட்டிக்கொண்டன. பிறகு இரண்டும் போன தூரம் வேறு வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாத்தாயின் அடுத்த கனவு கென்யர் ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். அப்போது மக்கள்தொகை ஒன்றரைக் கோடி, ஆகவே ஒன்றரைக் கோடி கன்று. வனத்துறைத் தலைவரிடம் போய்க் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பெண்கள் எடுத்துப்போய் எவ்வளவு நட்டுவிடப் போகிறார்கள் என்ற சிரிப்பு அது. ஓராண்டு முடிவதற்குள் வாக்கைத் திரும்பப் பெற்றார். அவர்கள் கேட்ட கன்றுகளுக்கு இலவசக் கணக்கு தாங்கவில்லை. காசு கொடுத்தால்தான் கன்று என்றாகியது. அதுவும் அரசு நாற்றங்கால் தூரத்தில் இருந்தது. வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் வெயிலில் ஊர் வந்து சேர்வதற்குள் பாதி வாடிவிடும். இந்த இரண்டு இடைஞ்சல்களும் சேர்ந்துதான் அவரவர் ஊரிலேயே நாற்றங்கால் என்ற முடிவுக்குத் தள்ளின.

பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வனத்துறை ஆட்கள் வந்தார்கள். நிலத்தின் சாய்வு, வெயில் விழும் கோணம், பாத்தியின் ஆழம், மண்ணும் சரளையும் கலக்கும் அளவு, அதற்கான கருவிகள் என்று பாடம் நடந்தது. பெண்களுக்குத் தலை சுற்றியது. மாத்தாய்க்கும் இது எதற்கு என்று தோன்றியது. அவரையும் பயறையும் சோளத்தையும் பரம்பரையாக விதைத்து முளைக்க வைத்தவர்கள் இவர்கள். மரத்தின் விதையும் விதைதானே, கையில் இருக்கும் அறிவைக் கொண்டே செய்யுங்கள் என்றார்.

அதன்பிறகுதான் வேலை நடந்தது. உடைந்த பானையில் மண் நிரப்பி விதை போட்டார்கள். கோழி கொத்தாத உயரத்தில் தூக்கி வைத்தார்கள். தங்கள் பக்கத்து மரங்களில் எந்த மாதம் விதை விழும் என்று பார்த்துச் சேகரித்தார்கள். வயலில் தானாக முளைத்து நிற்கும் கன்று எந்த மரத்துடையது என்று இலையைப் பார்த்தே சொன்னவர்கள், முன்பு களை என்று பிடுங்கி எறிந்ததை இப்போது பெயர்த்து வைத்தார்கள். பட்டயம் இல்லாத வனத்துறையினர் என்று மாத்தாய் அவர்களைச் சொல்வது வழக்கம். பாராட்டு போல ஒலிக்கும் அந்தப் பெயரில் படித்த வனத்துறைக்கு ஒரு குத்தும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இப்படிப் பல ஊர்களில் நாற்றங்கால்கள் வந்தபிறகு நடைமுறை ஒன்று படிந்தது. கன்று வேண்டும் என்று கேட்கும் அக்கம்பக்கத்தார் முதலில் குழி தோண்டி எரு போட வேண்டும். குழுவைச் சேர்ந்தவர்கள் போய்க் குழியைப் பார்ப்பார்கள். குழி சரியாக இருந்தால்தான் கன்று கைக்கு வரும். நட்டபின் ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள். சில மாதம் கழித்து மறுமுறை. நிற்கும் கன்றுகளை எண்ணிக் கணக்கு அனுப்பினால், எண்ணிக்கைக்குத் தக்க காசு குழுவுக்கு வரும். இயக்கம் காசு கொடுத்த வரிசையைக் கவனியுங்கள்: குழி, சோதனை, கன்று, சோதனை, மறு சோதனை, எல்லாவற்றுக்கும் கடைசியில் காசு. உலகம் முழுக்கப் பல மரம் நடும் திட்டங்களில் பணம் முதல் படியிலேயே செலவாகிவிடும்.

இந்த விதியின் அழகு மரத்தைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. கன்றை வளர்த்தவளுக்கு, அடுத்தவர் வயலில் நிற்கும் மரத்தின் மேல் அக்கறை கொள்ளக் காரணம் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஆண்மகனிடம் போய், ஏன் தண்ணீர் விடவில்லை, ஆட்டை ஏன் அவிழ்த்துவிட்டாய் என்று கேட்கும் உரிமை கிடைத்தது. சோதனை போடும் அதிகாரம் வனத்துறைச் சீருடையிலிருந்து அவளுக்கு இடம் மாறியது. வந்த காசு கணவன் பட்டாவுக்கு வந்ததல்ல, அவள் வேலைக்கு வந்தது. சமத்துவம் என்ற சொல் அந்த விதியில் எங்கும் இல்லை. காசு யார் கைக்குப் போகிறது என்பது மட்டும் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. நான்கு சென்ட் என்பது எந்தக் காலக் கணக்கிலும் கூலி ஆகாது. விதை பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது, நடந்து போய் எண்ணுவது எல்லாம் வீட்டு வேலைக்கு மேல் வந்த வேலை. மழை பொய்த்தால் அவள் உழைப்பில் குறையில்லாமலேயே கன்று சாகும், காசும் போகும். வறட்சியின் நட்டத்தை அமைப்பு ஏற்காமல் ஆக ஏழையான உழைப்பாளியின் தலையில் வைக்கிற விதி என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது. மழை மறைவுப் பகுதியில் இருப்பவளுக்கும் மலையடிவாரத்தில் இருப்பவளுக்கும் ஒரே அளவுகோல் என்பதும் நியாயமாகத் தெரியவில்லை.

1981இல் ஐ.நா. பெண்கள் பத்தாண்டுக்கான தன்னார்வ நிதியிலிருந்து 1,22,700 டாலர் வந்தது. நார்வேயின் வனவியல் சங்கமும் கைகொடுத்தது. அதன்பின் இயக்கம் பெருகியது. 1985இல் மூன்றாவது உலகப் பெண்கள் மாநாடு நைரோபியிலேயே நடந்தபோது வந்தவர்கள் நாற்றங்கால்களைப் பார்த்துப் போனார்கள். மற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கும் முறை பரவியது. 1989இல் உஹுரு பூங்காவில் கட்டவிருந்த கோபுரத்தை எதிர்த்தது, அரசின் வசவு, அடி, சிறை, 2004இன் நோபல் அமைதிப் பரிசு எல்லாம் பலரும் எழுதியவை. பரிசு வந்தபோது மர எண்ணிக்கை மூன்று கோடியைத் தாண்டியிருந்தது.

இப்போது அந்த இன்னொரு பிள்ளை. 1977இல் நைரோபி மாநாடு போட்ட செயல்திட்டம் என்னவாயிற்று? 1991இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமே திரும்பிப் பார்த்து, பலன் போதாது என்று ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு ரியோவில், சட்டப்பிடிப்புள்ள உடன்படிக்கை வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் வற்புறுத்தின. 1994 ஜூன் 17 அன்று பாரிஸில் பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கை உருவானது. முகப்புரையிலேயே பெண்களின் பங்கு முக்கியம் என்று எழுதினார்கள். ஆணும் பெண்ணும் எல்லா நிலையிலும் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்றார்கள். நல்ல வாசகம். அந்த வாசகத்தைச் செயலாக்க ஒரு திட்டம் வேண்டும் என்று உறுப்பு நாடுகள் ஏற்க 2017 செப்டம்பர் ஆனது. சீனாவின் உள்மங்கோலியாவில், ஓர்டோஸ் நகரில் கூடிய 13ஆவது மாநாட்டில்தான் பாலினச் செயல்திட்டம் பிறந்தது. முடிவெடுப்பதில் பெண்கள், பொருளாதார வலு, நில உரிமை, அறிவும் தொழில்நுட்பமும் என்று நான்கு திசை காட்டினார்கள். முகப்புரையிலிருந்து செயல்திட்டத்துக்கு 23 ஆண்டுப் பயணம்.

எப்படி அளக்கிறார்கள்? நாடுகள் இந்த உடன்படிக்கைக்கு அனுப்பும் அறிக்கையில், சீரழிந்த நிலத்தில் வாழும் மக்களை ஆண், பெண் என்று பிரித்துக் காட்டும் குறியீடு ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் தரும் நிலச் சீரழிவு வரைபடத்தின்மேல் மக்கள்தொகை வரைபடத்தை வைத்துக் கணக்கிடுவது அதன் வழி. கேட்க நவீனமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: கணவனும் மனைவியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். கெட்டுப்போன நிலத்தில் ஆண்கள் பாதி, பெண்கள் பாதி என்றுதான் பெரும்பாலும் விடை வரும். ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போன இடங்களில் கொஞ்சம் மாறும், அவ்வளவே. அந்த நிலத்தின் பட்டா யார் பெயரில், தண்ணீருக்கு யார் கூடுதலாக நடக்கிறார், வறட்சி நிவாரணம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதை வானத்திலிருந்து பார்க்க முடியாது. கூட்டத்தில் எத்தனை பெண்கள் என்ற வருகைப் பதிவும் அப்படித்தான். அது கமுகுஞ்சியில் நட்ட ஏழு மரங்களை எண்ணுகிற வகைக் கணக்கு.

நில உரிமைக்கு வந்தால் உடன்படிக்கை இன்னும் தாமதம். 2019இல் இந்தியாவில், டெல்லி அருகே கூடிய 14ஆவது மாநாட்டில்தான் நில உரிமை குறித்துத் தனித் தீர்மானம் வந்தது. இதில் கிரீன் பெல்ட் பெண்களும் ஓர் ஓட்டையோடுதான் இருந்தார்கள். கன்றுக்குக் காசு கிடைத்தது, கன்று நின்ற மண் கிடைக்கவில்லை. மரம் வளர வளர நிலத்தின் மதிப்பு கூடியது, கூடியது பட்டாக்காரனுக்கு.

கென்யாவில் அது மாறத் தொடங்கியது 2010இன் புதிய அரசியலமைப்பில். நிலம் தொடர்பான சட்டத்திலும் வழக்கத்திலும் பாலினப் பாகுபாடு நீங்க வேண்டும் என்று அதன் 60ஆவது பிரிவு சொல்கிறது. 2013இல் வந்த திருமணச் சொத்துச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. கணவன் பெயரிலுள்ள சொத்தை மேம்படுத்த மனைவி உழைத்திருந்தால், உழைத்த அளவுக்கு அவளுக்கு அதில் பங்கு உண்டு. வீட்டு வேலையும், பிள்ளை வளர்ப்பும், பண்ணை வேலையும் பங்களிப்பு என்று சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. ஆனால் பிரிவு என்று வந்தால் சொத்து தானாகப் பாதிக்குப் பாதி ஆகிவிடாது, யார் எவ்வளவு பங்களித்தார் என்பதை அவரவர் நிரூபிக்க வேண்டும் என்று 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கணவன் நிலத்தின் வரப்போரம் முப்பது ஆண்டுக்கு முன் மரம் வைத்த பெண் நீதிமன்றம் போனால், குழி தோண்டியது யார், எரு சுமந்தது யார், தண்ணீர் ஊற்றியது யார் என்று ஒவ்வொன்றுக்கும் சாட்சி கொண்டுவர வேண்டியவள் அவளே.